மாமாவின் அறையும் உன் மைக்கும்

மகனே,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. நலம் விசாரித்துவிட்டு மெதுவாகத் தொடங்கலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. நேற்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. குசினிக்கும் விறாந்தைக்குமாக நடக்கிறேன். காலையில் உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து நின்றேன். உன் அப்பா வந்து பானையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆருக்கப்பா வெறுந்தண்ணி காய்ச்சுறாய்?" என்று கேட்டார். போனில் உன்னோடு கதைக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே கதைப்பாய், உன் குரல் கொஞ்சம் இறங்கினால் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

நீ வவுனியாவிலிருந்து என்னிடம் கேட்டவை இரண்டு. படம் அனுப்பிய இரண்டு மைக்குகளில் எதை வாங்குவது என்பது ஒன்று. மற்றது, உயிர்ப்புப் பெருநாள் கழிந்து கல்யாணமும் முடிந்து மண்டைதீவில் ஜெனிற்றாவின் வீட்டுக்கு நீ குடிபோகும்போது, அந்த வீட்டின் பின் அறையை உன் ஒலிப்பதிவுக்குத் தரும்படி அவளுடைய அம்மா திரேசம்மாவிடம் நான் கேட்க வேண்டும் என்பது. "நான் மாப்பிள்ளை, எப்பிடியம்மா வாய் திறந்து கேக்கிறது? உங்களுக்குத்தானே பக்குவமாக் கதைக்கத் தெரியும்" என்றாய். பாரிசவாதம் வந்த நாளிலிருந்து ஜெனிற்றாவின் அப்பா அந்த அறையில்தான் படுத்திருக்கிறார் என்று தெரிந்தேதான் கேட்டாய். "அவரை முன் ஹோலுக்கு மாத்தினால் அவருக்கும் நாலு சனத்தைப் பாத்த மாதிரி இருக்குமம்மா" என்று அதற்கும் ஒரு மருந்து வைத்திருந்தாய். பொய் சொல்லமாட்டேன், அப்போது எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஏன் பட்டது என்றால், உன் மனம் எங்கே நொந்தது என்று எனக்குத் தெரியும். நோர்வேயில் பக்திப் பாடல் இசைத்தட்டு வெளியிடுகிறவர்கள் உன்னிடம் கிற்றார் வாசித்துப் பதிந்த துண்டுகள் கேட்டார்கள். நீ விரல் நுனியால் நைலோன் நரம்பைத் தொட்டு வாசிக்கிற அந்த மெல்லிய வாசிப்புக்காகவே கேட்டார்கள். அனுப்பிய மூன்றாவது துண்டைத் திருப்பிவிட்டார்கள். வாசிப்பு நல்லது, பின்னால் வள்ளத்து இயந்திரம் கேட்கிறது என்று எழுதியிருந்தார்கள். அன்று நீ சாப்பிடவில்லை. அந்தத் துண்டைப் பதிவு செய்தது நான். நீ வாசிக்க, நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்த, அப்படித்தானே நம் வீட்டில் வேலை நடந்தது. யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. போனில் ஒரு படத்தைப் பார்த்து, நிறுத்தி, மறுபடி பார்த்து, உன்னோடு சண்டை பிடித்துப் பிடித்து நானாகப் பழகியதுதான். ஆனபடியால் உனக்கு மைக் வாங்கத் தெரியாத அம்மா ஒருத்தி இதை எழுதுகிறாள் என்று நினைக்காதே.

அந்த நாட்களை யோசித்துப் பார். கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, பார்க்கப் பெரிதாக இருந்த மைக்கை வாங்கினோம். அது உன் கிற்றாரைக் கேட்டதைவிட அயல் வீட்டுச் சேவலைத்தான் நன்றாகக் கேட்டது. பிறகு ஊர்காவற்றுறைக் கடைகளில் எல்லாம் முட்டை அடுக்கும் அட்டைகளை வாங்கிவந்து சுவர் முழுக்க ஒட்டினோம். அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறைந்தது, ஆனால் வெளிச் சத்தம் ஒன்றும் குறையவில்லை. பல்லிகளுக்கு மட்டும் நல்ல குடியிருப்பு அமைந்தது. அதன்பிறகு நாங்கள் மனிதரை அடக்கத் தொடங்கினோம். தண்ணீர் மோட்டர் போடக்கூடாது, பிறிஜ் நிறுத்த வேண்டும், தேங்காய் துருவக்கூடாது. அப்பா தும்மலை அடக்கி அடக்கிக் கண் சிவந்து எழுந்து போய், வேலிக்கு அப்பால் நின்று, "இது வீடோ, கோயில் பீடமோ? மனுசன் தும்மவும் ஏலாதோ?" என்று கத்தினார். அதுவும் பதிவில் விழுந்தது. நீ சிரிக்கவில்லை. ஒருநாள் பக்கத்து அறையில் நான் வாய்க்குள் செபமாலை சொன்னதுகூட உனக்கு இடைஞ்சலாகி, "அம்மா, மனசுக்குள்ள சொல்லுங்கோவன், மாதாவுக்குக் கேக்குந்தானே" என்றாய். நான் மனசுக்குள் சொன்னேன். மாதாவுக்குக் கேட்டிருக்கும். ஆனால் பிள்ளையின் ஒரு சொல்லுக்காக வீடே மூச்சை அடக்கப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை நீ இன்னொரு வீட்டுக்கும் கொண்டுபோகப் போகிறாய் என்ற பயம் இப்போதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

போன வருடத்துப் பெரிய வெள்ளியும் நினைவில் வருகிறது. அன்று ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. கோயில் மணி இல்லை, ஒலிபெருக்கி இல்லை, ஒருவரும் ஆணிகூட அடிக்கமாட்டார்கள். நீ கிற்றாரை எடுத்துக்கொண்டு வந்து நின்றாய். "வருசத்திலயே இண்டைக்கு ஒருநாள்தானம்மா சத்தமில்லை, ஒரேயொரு பாட்டு, அதுவும் சாமிப் பாட்டுத்தானே" என்றாய். நான் "வை அதை" என்றேன். வைத்தாய். மறுநாளும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த அமைதி யாருமில்லாமல் சும்மா கிடந்த அமைதி அல்ல மகனே. சிலுவையில் மரித்த ஒருவருக்காக ஊர் முழுவதும் சேர்ந்து காத்த அமைதி. அதை எடுத்து எங்கள் வேலைக்குப் பாவிக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று உனக்கு இதை விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அதட்டத்தான் தெரிந்தது.

சரி, மண்டைதீவுக் கதைக்கு வருகிறேன். முந்தாநாள் போனேன். கேட்டுவிட்டே வருவது என்ற நினைப்போடுதான் பஸ் ஏறினேன். வேலணை கடக்கும்வரை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று எனக்குள் ஒத்திகை பார்த்தேன். கேட்பதற்கு முன் அந்த அறை உண்மையிலேயே உனக்கு உதவுமா என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்காக ஒரு தீப்பெட்டியைக் கொண்டுபோனேன். ஒவ்வொரு அறையிலும் போனை ஒரு துணியின் மேல் வைத்துப் பதிவைப் போட்டு, கை எட்டும் தூரத்தில் நின்று தீப்பெட்டியை மெதுவாகக் குலுக்குவது. வெறும் அமைதியை மட்டும் பதிவு செய்தால் போன் தானாகவே சத்தத்தைக் கூட்டி எல்லா அறையையும் ஒரே இரைச்சலாகக் காட்டிவிடும். தீக்குச்சியின் சத்தத்தோடு வைத்துப் பார்த்தால்தான் எந்த அறையில் பின் இரைச்சல் எவ்வளவு என்று தெரியும். திரேசம்மா என் பின்னாலேயே வந்தா. "என்னக்கா, சம்மந்தி வீட்டுக்கு நெருப்பு வைக்க வந்தனீங்களோ?" என்று கேட்டுச் சிரித்தா. ஜெனிற்றா, "அம்மா, மாமி சவுண்ட் எஞ்சினியரம்மா. பகிடி விடாதேங்கோ" என்றாள். எனக்கு அவளை நன்றாகப் பிடித்துவிட்டது.

முன் ஹோல் சரிவராது. ஒரு பக்கம் தெரு, மறு பக்கம் கடல். நடு அறையில் யன்னல் தென்மேற்கைப் பார்த்திருக்கிறது. இப்போது காற்றில்லை, ஆனால் நீ குடிபோய்ச் சில கிழமைகளில் சோழகக் காற்று எழும்பிவிடும், அந்த யன்னலைச் சாத்தினாலும் ஊளையிடும். பின் அறைக்குள் காலை வைத்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. பழைய தடித்த சுவர், சின்ன யன்னல், அதற்கு வெளியே அடர்த்தியாக வேப்பமரம். தீக்குச்சிகள் ஒவ்வொன்றாகக் கேட்டன. நீ சொன்னது சரி, அந்த வீட்டில் அதைவிட நல்ல அறை இல்லை.

ஜெனிற்றாவின் அப்பா, உன் மாமா, சூசைப்பிள்ளை அண்ணை கட்டிலில் சாய்ந்திருந்தார். கடலில் காற்றுக்கு எதிராகக் கத்திப் பழகிய மனுசன் என்று எல்லோரும் சொல்வார்கள். இப்போது வாய் ஒரு பக்கம் இழுத்து, குரல் மூச்சோடு மூச்சாகத்தான் வருகிறது. ஆனால் அந்த அறையில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. பக்கத்து முக்காலியில் ஒரு கைமணி கிடந்தது. "கூப்பிடுறதுக்கு வாங்கிக் குடுத்தம், தொடமாட்டாராம்" என்றா திரேசம்மா. அவர் என்னைப் பார்த்து, "நான் என்ன, பூசைக்கு உதவிற பெடியனோ தங்கச்சி, மணி அடிக்க?" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவரே சொன்னார்: "தம்பி கிற்றார் வாசிக்க இடம் தேடுறாராம் எண்டு பிள்ளை சொன்னவள். இந்த அறையை எடுக்கட்டும். நான் முன்னுக்குக் கிடப்பன். எனக்கென்ன, எங்கை கிடந்தாலும் கிடைதானே."

நான் கேட்க வந்ததை அவரே தந்துவிட்டார். நீ ஜெனிற்றாவிடமும் கேட்டிருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. "பாப்பம் அண்ணை" என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பிள்ளைக்கு நல்ல அறை கிடைக்கிறது என்ற சந்தோசம் கொஞ்சம் எனக்குள் ஓடியது.

வந்தவளுக்கு மரியாதை என்று அவரையும் சில்லுக் கதிரையில் ஏற்றி முன் ஹோலுக்குக் கொண்டுவந்தார்கள். தேத்தண்ணியும் பணியாரமும் வந்தன. மேலே மின்விசிறி சுற்றியது. தெருவில் ஒட்டோக்கள் போயின. நானும் திரேசம்மாவும் கல்யாணச் சீலையின் கரையைப் பற்றிக் கதைத்தோம். அவ மெல்லிய கரை என்றா, நான் அகலக் கரை என்றேன், ஜெனிற்றா குசினியிலிருந்து, "உடுக்கப்போறது நான், என்னையும் ஒருக்காக் கேளுங்கோவன்" என்றாள். நல்லாகச் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் ஜெனிற்றா வந்து, "அப்பா களைச்சுப்போனார் போல" என்று அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். நானும் விடைபெற்று வந்துவிட்டேன். கடைசியாக ஹோலில் போட்ட பதிவை நிறுத்த மறந்து, போன் அலுமாரித் தட்டில் இருந்தபடியே எல்லாவற்றையும் பதிந்திருந்ததை பஸ்ஸில்தான் கண்டேன்.

நேற்றுக் காலை பூசைக்குப் போய்வந்து, உன் பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு அறையாகக் கேட்டேன். ஹோலின் பதிவு நீளமாக இருந்தது. என் சிரிப்பும் சீலைக் கதையும் மின்விசிறியும். அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. முதலில் கதிரை கிறீச்சிடுகிறது என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டி மறுபடி கேட்டேன். "பிள்ளை... தண்ணி." கொஞ்சம் விட்டு, "ஜெனி... தண்ணி." நான் அகலக் கரை என்கிறேன். அவர் "தண்ணி" என்கிறார். திரேசம்மா மெல்லிய கரை என்கிறா. அவர் மறுபடியும் கூப்பிடுகிறார். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். நான் இருந்த கதிரையிலிருந்து கை நீட்டினால் அவருடைய கதிரையைத் தொடலாம் மகனே. எனக்குக் கேட்கவில்லை. ஒருவருக்கும் கேட்கவில்லை. உன் அப்பாவின் காதிலும் ஹெட்போனை வைத்தேன். கேட்டுவிட்டு அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு நேரமாக் கூப்பிட்டிருக்கிறாரே" என்றார்.

உனக்கு விளங்குகிறதா? அவரை அந்தப் பின் அறையில் போட்டது இடமில்லாமல் அல்ல. அவருடைய குரல் போய்ச் சேரும் இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான். அந்த அறையை எடுத்தால் அவருடைய கட்டில் மட்டும் இடம் மாறாது. ஹோலில் நாலு சனத்தைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் கேட்டுக் கிடைக்காமல் கிடப்பார். அதையும் மருமகனுக்காக என்று ஏற்றுக்கொள்வார், ஏனென்றால் பிள்ளையைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் அவர். நீ கேட்டால் அவர்களால் இல்லை என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்களிடம் நாங்கள் கேட்கவே கூடாது.

அந்த இருப்பிலேயே திரேசம்மாவுக்குப் போன் எடுத்தேன். "திரேசம்மா, அறை வேண்டாம்" என்றேன். அவ பயந்துவிட்டா. "ஏனக்கா, அறை பிடிக்கேல்லையோ? மருமோன் குறை நினைக்கப்போறார். கட்டிலை முன்னுக்கு எங்கை போடுறதெண்டு அளந்தும் போட்டம்" என்றா. நான், "அவனுக்கு அந்த அறை தேவையில்லையாம், வேற ஒழுங்கு இருக்காம்" என்றேன். பிறகு குரல் உடைந்து, "நேத்து நீங்கள் போன பிறகு அவர் சாப்பிடேல்லையக்கா" என்றா. தண்ணீர்க் கதையை நான் அவவிடம் சொல்லவில்லை. நீயும் ஜெனிற்றாவிடம் சொல்லாதே. தெரிந்தால் அந்தப் பிள்ளை காலமெல்லாம் நினைத்து நினைத்து அழும். உனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

ஆக, உனக்கு வேறு ஒழுங்கு இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். இனி அதை உண்டாக்க வேண்டியது நம் இருவரின் பாடு. அந்த வீட்டில் குசினிக்குப் பக்கத்தில் ஒரு சாமான் அறை இருக்கிறது. மாமாவின் பழைய வலைகள் கூரைவரை குவிந்து கிடக்கின்றன, நெல் மூட்டையும் பாய்களும் உண்டு. அங்கேயும் தீப்பெட்டியைக் குலுக்கினேன். எதிரொலியே இல்லை, அவ்வளவு சத்தத்தையும் வலை குடித்துவிடுகிறது. "அதுக்குள்ள இருந்து வாசிச்சால் மீன் மணத்துக்குப் பூனைதான் பாட்டுக் கேக்க வரும்" என்றாள் ஜெனிற்றா. வரட்டும். குசினிச் சத்தம் மட்டும் சுவர் வழியே வரும். மத்தியானச் சமையல் முடிந்து எல்லோரும் கண்ணயர்கிற நேரம், வள்ளங்களும் கரையில் கிடக்கிற நேரம், அதை உன் நேரமாக்கிக்கொள். அவர்களை நிறுத்தச் சொல்லாதே. அவர்கள் தாமாக நிறுத்துகிற நேரத்தில் நீ தொடங்கு.

இதற்கு ஏற்றபடிதான் மைக் வாங்க வேண்டும். படத்தில் உள்ள பெரிய, விலை கூடியது வேண்டாம். அது பெரிய அமைதியான மண்டபங்களுக்கு நல்லது, உன்னை மறுபடியும் வீட்டாரோடு சண்டைக்கு இழுக்கும். பேனை போல மெல்லியதாக இருக்கிறதே, முன்னால் வருவதைக் கேட்டு முதுகுப் பக்கத்தைக் கேளாமல் விடும் கொண்டென்சர் மைக், அதை வாங்கு. அதன் முதுகைக் குசினிச் சுவருக்குக் காட்டி வை. கிற்றாரின் துளைக்கு நேரே வைத்தால் குமுறும், கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வை. மைக்கைப் பாதித் தூரத்துக்குக் கிட்டக் கொண்டுவருவதுபோல வெளிச் சத்தத்தைக் குறைக்க எந்தச் சாமானாலும் ஏலாது, இதை நான் பட்டுத்தான் படித்தேன். மெல்லிய வாத்தியத்துக்குச் சத்தத்தை அதிகம் உயர்த்த வேண்டி வரும். ஆகவே மைக்கைக் கொம்பியூட்டரோடு இணைக்கிற பெட்டி இரைச்சல் இல்லாததாக இருக்க வேண்டும். கடையில் அதன் சத்தம் கூட்டும் திருகை முழுதாகத் திருப்பிவிட்டு, ஒன்றும் வாசிக்காமல் ஹெட்போனில் கேள். மழை பெய்வதுபோல "உஸ்" என்று கேட்டால் வைத்துவிட்டு வா, கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் சரி. கொம்பியூட்டரைச் சாமான் அறைக்கு வெளியே வைக்க ஒரு நீள வயர் வாங்கு, அதன் விசிறிச் சத்தம் போதும் உன் பாட்டைக் கெடுக்க. உப்புக் காற்றில் மைக் ஈரம் பிடித்தால் பொரிந்து பொரிந்து சத்தம் போடும், வேலை முடிந்ததும் மூடி இறுகிய பிஸ்கட் பேணியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வைத்துவிடு. இரண்டு மைக் வேண்டும் என்று இப்போதே ஆசைப்படாதே. ஒன்றை ஒழுங்காக வைக்கப் பழகு.

ஹெட்போனை மட்டும் நான் சொல்கிறபடியே வாங்கு. காதை இறுக மூடுகிறது வேண்டும், இல்லாவிட்டால் அதன் சத்தமே மைக்குக்குள் போய்விடும். ஆனால் ஒரு பக்கம் திருப்பிக் காதுக்குப் பின்னால் தள்ளி வைக்கக்கூடியதாகப் பார். திரேசம்மா கோயிலுக்கும் ஜெனிற்றா வேலைக்கும் போன பிறகு, அந்த வீட்டில் நீயும் மாமாவும் மட்டும் இருக்கும் நேரங்கள் வரும். வீடு நல்ல அமைதியாக இருக்கும், உன் கை துடிக்கும். அப்போது ஒரு காதை வெளியே விட்டுத்தான் நீ வாசிக்க வேண்டும். நோர்வேக்காரர் இன்னொரு துண்டைத் திருப்பினாலும் பரவாயில்லை.

நீ இதை வாசித்ததும் முகம் கறுப்பாய் என்று தெரியும். கேட்காமல் முடிவெடுத்துவிட்டாள் என்பாய். எடுத்தேன்தான். இதுவரை எழுதியும் என் நெஞ்சு அடங்கவில்லை, இன்னொரு தரம் நடந்துவிட்டு வந்துதான் இந்த வரிகளை எழுதுகிறேன். இன்று காலை ஜெனிற்றா போன் எடுத்து மெதுவாகக் கேட்டாள்: "மாமி, அறையில்லையெண்டு அவருக்குக் கோவமில்லையோ? உண்மையைச் சொல்லுங்கோ." நான், "என்ர பிள்ளையை எனக்குத் தெரியாதோ? அவனுக்குத் துளியும் கோவமில்லை, மாமாவைக் குழப்பவேண்டாமெண்டு அவன்தான் சொன்னவன்" என்றேன். அவள் உடனே போனைக் கையில் வைத்துக்கொண்டே பின் அறைக்கு ஓடினாள். "அப்பா, அவர்தான் வேண்டாமெண்டவராம்" என்று அவள் சொல்வதும், "நல்ல பெடியன்" என்று அவர் சொல்வதும் எனக்கு இங்கே தெளிவாகக் கேட்டன.

அவர் அப்படி நம்பியிருக்கிறார் மகனே. கல்யாணத்துக்கு முன் நீ இதை உண்மையாக்கிவிடு.

உனக்காக மன்றாடும்,
அம்மா